நாலு வாய் மீன் சோறு

அந்தத் தூக்கு இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது. மூடி ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் தூக்கு. உள்ளே குழைய வடித்த சோறு, அதில் உப்பு காரம் இல்லாமல் வேகவைத்துப் பிசைந்த சங்கரா மீன். தேடினாலும் ஒரு முள் அகப்படாது. அந்தோணியம்மா காலையில் கோவளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அதை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டுவார்.

"இன்னா சிஸ்டர், நேத்து துன்னானா?"

"இல்லக்கா. மோந்து பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கினான்."

"இன்னிக்கு துன்னுவான் பாரு. சங்கரான்னா அவனுக்கு உசுரு."

ஐந்து நாள் இதே பேச்சு. அந்த ஐந்தாம் நாளைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இந்தத் தொடரை ஆரம்பித்தபோது நினைத்திருந்தேன். ஆனால் அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வாராவாரம் எழுதுவது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

சொறா

சொறா ஒரு நாய். செம்மண் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். குட்டியாக இருந்தபோது மீன் ஏலம் விடுகிற இடத்திலிருந்து தன்னைவிடப் பெரிய சுறாத் துண்டை இழுத்துக்கொண்டு ஓடியதால் வந்த பெயர். அந்தத் துண்டு அந்தோணியம்மாவுடையது. துரத்திக்கொண்டு போனவர், திரும்பும்போது நாயையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தோணியம்மா கோவளத்தில் மீன் எடுத்து, திருவிடந்தையில் வீடு வீடாக விற்கிறவர். கணவர் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் சொறாவும்தான். தினமும் பஸ் நிற்கிற இடம் வரை கூட வந்துவிட்டுத் திரும்புவது சொறாவின் வழக்கம். ஒருநாள் திரும்பாமல் பஸ்ஸின் பின்னாலேயே ஓடியிருக்கிறான். கார் ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின்னங்காலில் தொடை எலும்பு இரண்டு துண்டு.

ஷேர் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு கேளம்பாக்கம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். புடவையெல்லாம் ரத்தம், மீன் கூடை கூட இடுப்பிலேயே இருந்தது. ஊர் நாய்களுக்கென்று ஒதுக்கிய நாலு கூண்டில் ஒன்றில் இடம் கிடைத்தது. எலும்பு டாக்டர் நகரத்திலிருந்து வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். அந்த வாரத்து வரிசை நிரம்பிவிட்டது, அடுத்த வாரம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

எத்தனை வேஷம்

போன வாரம் பூனைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: உங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குத் தனி டாக்டர், இதயத்துக்குத் தனி டாக்டர் என்கிறீர்களே, நர்ஸுகளும் அப்படித்தானா?

எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது, தாயே. திங்கட்கிழமை நான் வாசல் மேஜையில் உட்கார்ந்து எந்த உயிர் முதலில் உள்ளே போக வேண்டும் என்று பார்ப்பேன். மூச்சு வாங்குகிற தெருநாயை முன்னால் அனுப்பினால், நகம் வெட்ட வந்த பொமரேனியனின் அப்பா சண்டைக்கு வருவார். செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே அறை. ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு நாலு காலையும் பிடிக்க வேண்டும். அந்தக் கவசம் ஒரு மூட்டை அரிசி கனம். இன்னொரு நாள் தண்ணீர்த் தொட்டி. நடக்க முடியாத நாய்களை அதில் இறக்கி, நாமும் இடுப்பளவு தண்ணீரில் நின்று நடக்கப் பழக்குவது. இன்னொரு நாள் கத்தி கத்தரி கழுவி ஆவியில் வைப்பது. ரத்தம் எடுப்பது, கட்டு மாற்றுவது, பீ அள்ளுவது, வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் வருகிறவர்களுக்கு அவர்கள் பூனையின் முகத்தைக் காட்டுவது.

கடைசி அறை என்று ஒன்றும் இருக்கிறது. இனிமேல் முடியாது என்கிற உயிருக்கு அங்கே ஊசி போடுவார்கள். டாக்டர் மருந்தை ஏற்றுவார், காலைப் பிடித்து நரம்பைக் காட்டுவது நாங்கள். வளர்த்தவர்கள் பெரும்பாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வலிக்குமா என்று எங்களைத்தான் கேட்பார்கள்.

ஒரு தடவை பெண் பார்க்க வந்த வீட்டில், "பொண்ணு நர்ஸாமே, எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்கள். அம்மா சொன்னாள். மாப்பிள்ளையின் அத்தை பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "நாய தொட்ட கையாலயா இத போட்டா?" என்றாள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

அப்பாவுக்கு மட்டும் என்னைப் பற்றிப் பெருமை. அடுத்தவர் நிலத்தில் நாற்று சுமந்தே முதுகு வளைந்தவர் அவர். இப்போது ஒரு அபார்ட்மென்ட்டில் கேட் பார்க்கிறார். நாலு வருஷம் கூண்டு கழுவின பிறகு எனக்கு ஆபரேஷன் தியேட்டர் வேலை கொடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது பக்கத்தில் நிற்கிற வேலை. அன்று முதல் அப்பா யாரைப் பார்த்தாலும், "எம் பொண்ணு தியேட்டர்ல கீது" என்பார். கேட்கிறவர்கள் சினிமா தியேட்டர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். அந்தப் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு நான் எடுத்த படம் அவர் போனில் முன்னாலேயே இருக்கும்.

சொறா வந்தபோது எனக்குத் தியேட்டர் வேலை கிடைத்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை.

கூண்டுக்கு வெளியே

அடிபட்ட நாய்கள் சில நாள் சாப்பிடாது. சொறா சுத்தமாகச் சாப்பிடவில்லை. கோழி கொடுத்தோம், டப்பா உணவு கொடுத்தோம், அந்தோணியம்மா கொண்டுவந்த மீன் சோறும் கொடுத்தோம். எதையும் தொடவில்லை. டிரிப்ஸில் ஓடிக்கொண்டிருந்தான். ஏதாவது உள்ளே போனால் சரி, மீனே இருக்கட்டும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

சாப்பிடாத நாய்களுக்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கூண்டிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் பூவரச மரத்தடிக்குப் போய்விடுவேன். ஒரு போர்வையில் படுக்க வைத்து, அதைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பிப்பேன். நாயின் சாப்பாடு திறந்தபடி பக்கத்தில் இருக்கும். வா வா என்று கெஞ்சினால் வராத நாய், நாம் பாட்டுக்குச் சாப்பிட்டால் மெல்ல மூக்கை நீட்டும். நிர்மலா என்னைக் கிண்டல் செய்வாள். நிர்மலா என் கூட வேலை பார்ப்பவள், கூண்டு வார்டு அவள் பொறுப்பு. "நாய சாக்கா வச்சி நல்லா நாஸ்தா துன்னுகினு கீறா" என்பாள்.

எங்கள் வார்டில் ஒரு சிவப்பு அட்டை உண்டு. ஆபரேஷனுக்குப் போகிற நாயின் கூண்டுக் கதவில் அதை மாட்டிவிட்டால், ஒரு பருக்கை கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். வயிற்றில் சோறு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால், அது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வந்த முதல் நாளே இதை மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள்.

அட்டை தொங்குவது கூண்டில். நானும் சொறாவும் இருந்தது மரத்தடியில்.

அன்று உப்புமா கொண்டுபோயிருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், பக்கத்தில் சளப்பென்று சத்தம். திரும்பிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விரலில் கொஞ்சம் எடுத்து நீட்டினேன். நக்கினான். இன்னொரு வாய். மீன் இருக்கும் பக்கமாகப் பார்த்து அவனே தலையைத் தூக்கினான். நாலு வாய். ஐந்து நாள் காய்ந்த வயிறு, அதிகம் போனால் தாங்காது என்று தூக்கை மூடிவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கையில் ஒரு உயிர் திரும்பி வந்தது போல அவ்வளவு சந்தோஷம்.

ரெண்டு இட்லி

அவனைத் தூக்கிக்கொண்டு நிர்மலாவிடம் சொல்ல ஓடினேன். வார்டு வாசலுக்கு வரும்போதே முன்பக்கம் சத்தம் கேட்டது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரின் குரல். அவரை நாங்கள் மேடம் என்போம், யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

"எதுவும் கொடுக்காதீங்கன்னு நேத்து எத்தனை தடவை சொன்னேன்? மயக்கத்துல இது செத்துப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

கேளம்பாக்கம் ஃபிளாட்டிலிருந்து ஒருவர் தன் லாப்ரடாரை அன்றைய முதல் ஆபரேஷனுக்குக் கொண்டுவந்திருந்தார். காலையில் பாவம் பார்த்து ரெண்டு இட்லி கொடுத்திருக்கிறார். கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். லாப்ரடார் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

சொறாவின் கூண்டில் சிவப்பு அட்டை தொங்கியது.

நிர்மலா உள்ளே வந்தாள். "எங்கடி போன? லாப்ரடார் கேன்சலு. எலும்பு டாக்டர் வந்து உக்காந்துகினு கீறாரு. அஞ்சு நாளா ஒண்ணும் துன்னாதது இது ஒண்ணுதான், வயிறு காலி, இதையே எடுத்துக்கலாம்னு மேடம் சொல்லிட்டாங்க. உன் சொறாவுக்கு லக்கு பாத்தியா! இன்னிக்கு தியேட்டரும் நீதான்."

நான் வாயைத் திறந்தேன். "ம்" என்றேன்.

அந்த 'ம்'மை எத்தனையோ நாள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். சொன்னால் இன்னும் ஒரு வாரம் அவன் உடைந்த காலோடு கிடப்பான் என்று நினைத்தேன். அது உண்மை. நாலு வாய்தானே, ரெண்டு இட்லியைவிடக் குறைவுதானே என்று நினைத்தேன். அதுவும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் முன்னால் வந்தது, மேடம் அந்தக் குரலில் என்னைக் கேட்பார் என்கிற பயம். பச்சை அங்கியைக் கழற்றிவிட்டு மறுபடியும் கூண்டு கழுவப் போக வேண்டும். அப்பாவிடம் என்ன சொல்வது?

வயிறு காலிதானே?

மனிதர்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியையே கேட்டுவிடலாம். இங்கே எல்லாவற்றையும் எங்களைத்தான் கேட்பார்கள். சாப்பிட்டதா, வாந்தி எடுத்ததா, மூத்திரம் போயிற்றா. நாங்கள் சொல்வதுதான் நாய் சொன்னது.

மேஜையில் படுக்க வைத்து, காலில் மயிரை மழித்து, ஊசி குத்தினேன். மேடம் கையுறை போட்டுக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார்.

"வயிறு காலிதானே?"

"ஆமா மேடம்."

அவர் என்னை ஏறெடுத்துக் கூடப் பார்க்கவில்லை. என் வார்த்தையை அவ்வளவு நம்பினார்.

மருந்து ஏறியதும் சொறாவின் தலை என் கையில் சாய்ந்தது. வாயைத் திறந்து நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தேன். மேடம் குழாயை எடுத்தார். அது உள்ளே போவதற்குள் தொண்டையிலிருந்து மஞ்சள் தண்ணீர் குபுக்கென்று வந்தது.

"பித்தம்தான். தலையைத் தாழ்த்து" என்றார். உறிஞ்சு குழாயைப் போட்டார். நான் வாய் ஓரத்தைப் பஞ்சுத் துணியால் துடைத்தேன். துணியில் நாலைந்து பருக்கையும் ஒரு மீன் துணுக்கும் ஒட்டியிருந்தன.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சோறு என்று தெரிந்திருந்தால் மேடம் அங்கேயே நிறுத்தியிருப்பார். மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்திருப்பார். நான் துணியை மடித்தேன். இன்னொரு தடவை மடித்தேன். கழிவு போடுகிற மஞ்சள் பையில் போட்டேன். வெறும் பித்தத் தண்ணீர், அதுவும் கொஞ்சம்தான் என்று ஆபரேஷன் நடந்தது. எலும்பு நேராகப் பொருந்தியதாக டாக்டர் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் சொறாவுக்கு மூச்சு இரைத்தது. ஆக்ஸிஜன் கூண்டில் வைத்தோம். அங்கேயும் நான்தான் டியூட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, மணிக்கு ஒரு தடவை நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதினேன். என்னைப் பார்த்ததும் வாலின் நுனி மட்டும் அசையும். அதை என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டான்.

மேடம் அதற்குப் பிறகு மயக்க இயந்திரத்தை இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தார். "நான்தான் குழாய் போட லேட் பண்ணிட்டேன்" என்று என்னிடமே சொன்னார். அவர் கழற்றிய பாகங்களை நான் துடைத்துக் கொடுத்தேன்.

கழுவிய தூக்கு

அந்தோணியம்மா உடலை வாங்க வந்தார். அழவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த சொறாவின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மேடம் நடந்ததை நிதானமாக விளக்கினார். சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு யாரையும் உள்ளே விடுவதில்லை, அதனால் தூக்கு அன்றிலிருந்து வார்டிலேயே இருந்தது. எடுத்துவந்து கொடுத்தேன். முந்தைய நாட்களில் எல்லாம் கொண்டுவந்த சோறு அப்படியே திரும்பிப் போகும், வழியில் வேறு நாய்களுக்குப் போட்டுவிட்டுப் போவார். இன்று கனம் இல்லாதது கைக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தார். நான் கழுவி வைத்திருந்தேன்.

அவர் முகம் மாறியது.

"காலியா கீதே சிஸ்டர்! துன்னானா? அன்னிக்கு துன்னானா?"

மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இல்லக்கா. கெட்டுப் போச்சுன்னு கொட்டிட்டேன்."

அவர் மூடியை மெல்லப் போட்டு அழுத்தினார். "அப்போ பட்டினியாதான் பூட்டான்" என்றார். யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தார். துணியோடு அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தூக்கை முழங்கையில் மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். நானே ஓடிப்போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். அதற்கு எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ரொம்ப நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளம் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். படகுகளுக்குப் பக்கத்தில் மீனைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து முதல் பிடியை எடுத்து, கொஞ்ச தூரத்தில் படுத்திருந்த கரைநாய்களுக்கு வைத்துவிட்டு வந்தார்.

"டெய்லி வைக்கிறேன் சிஸ்டர். வைக்காம எனக்கு எறங்க மாட்டேங்குது. ஒரு வாய் துன்னுட்டுப் போயிருந்தான்னா கூட மனசு ஆறிக்கும். பட்டினியா கெடந்து பூட்டானே." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீ இன்னா இப்டி இளைச்சிட்ட? நாஸ்தா துன்னியா?"

"துன்னேன்க்கா" என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடித்திருக்கவில்லை. கொஞ்சம் நெத்திலியைப் பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இன்னும் அதே வேலை

இன்றும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். அதே பச்சை அங்கி. இந்த இதழ் அங்கே வரவேற்பு மேஜைக்கும் வரும், மேடம் படிப்பார். அதன் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. வயிறு காலிதானே என்று இப்போதும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

கோவளத்தில் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மனிதர்களின் பெயரையெல்லாம் மாற்றிவிட்டேன், நாயின் பெயரை மட்டும் மாற்றவில்லை. மீன் விற்கிற அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும். முழுவதையும் படித்துக் காட்டுங்கள். என்னைத் திட்ட வேண்டுமென்றால் வரட்டும், ஆஸ்பத்திரி வாசல் அவருக்குத் தெரியும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

யக்கா, சொறா பட்டினியா போகல. நீ குடுத்த சங்கராவ நாலு வாய் துன்னான். அஞ்சாவது வாய்க்கு என் கையையே பாத்துகினு இருந்தான். நான்தான் போதும்னு தூக்க மூடிட்டேன்.